மூளை டியூபர்குளோமா (காசநோய்க் கட்டி): சிகிச்சை நடக்கும்போதே கட்டி பெரிதாகிறது, மருந்தை மாற்றலாமா?

கேள்வி:
வலிப்போடு வந்த 24 வயதுப் பெண். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வலது பரைட்டல் (மேல்-பின்) பகுதியில் 22 மி.மீ. வளையக் கட்டி, ஓரம் ஒழுங்கில்லை, சுற்றிலும் நல்ல வீக்கம். காசநோய்க்கு நான்கு மருந்தும் (ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்புட்டால்) டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் தொடங்கினோம். ஸ்டீராய்டை நான்கே வாரத்தில் குறைத்து நிறுத்தியாயிற்று. ஏழாவது வாரம் தலைவலி, தள்ளாட்டம். இப்போது கட்டி 27 மி.மீ. முதுகுத்தண்டு நீரில் சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, டயக்னோசிஸே தப்பா? வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் 300 மி.கி. போகிறது.

பதில் 1:
பாரடாக்சிகல் (மருந்து வேலை செய்யும்போதே நோய் முற்றுவதுபோல் தெரியும்) ரியாக்‌ஷனாகத்தான் இருக்கும். செத்த கிருமியின் புரதங்களை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சிதான் கட்டியை ஊதவைக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். காசநோய் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டெக்சாமெத்தசோனை நாளுக்குக் கிலோவுக்கு 0.4 மி.கி. என்று மறுபடி தொடங்கி, 6-8 வாரத்தில் மெல்லக் குறையுங்கள். ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் நான்கு வாரம் போதாது. வாந்தி, மந்தம், பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே சி.டி. எடுத்து ஹைட்ரோகெஃபாலஸ் (மூளைக்குள் நீர் தேங்குவது) இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
சிபிநாட் நெகட்டிவ் என்பதால் டியூபர்குளோமா இல்லை என்றாகாது. கட்டி மூளைத் திசுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, நீரில் கிருமி சிக்காமலே போகலாம். நம் ஊரில் குழப்புவது நாடாப்புழு நீர்க்கட்டிதான். 20 மி.மீ.க்குக் குறைவு, ஒழுங்கான ஓரம், மூளையின் நடுக்கோடு நகராமை என்ற வேலூர் சி.எம்.சி. அளவுகோல் அந்தப் பக்கம் காட்டும். உங்கள் கேஸ் அதில் பொருந்தவில்லை. பழைய படத்தை மறுபடி பாருங்கள்: டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் நடு கறுத்திருக்கிறதா, ஸ்பெக்ட்ராஸ்கோபியில் (கட்டியின் வேதிப்பொருளைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) 1.3 பிபிஎம் இடத்தில் லிப்பிட் (கொழுப்பு) உயர்ந்திருக்கிறதா? மார்பு, வயிறு சி.டி.யில் நெறிக்கட்டி (வீங்கிய நிணநீர் முடிச்சு) கிடைத்தால் ஊசி போட்டு அந்தத் திசுவை சிபிநாட்டுக்கு அனுப்புங்கள். ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டு கொடுத்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனால் பயாப்ஸியை (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பதை) தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 3:
தள்ளாட்டத்துக்குக் கட்டியை மட்டும் பழி சொல்லாதீர்கள். ஐசோனியசிட் ஃபெனிட்டாய்னை உடலில் தேங்கவைக்கும். ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். இரண்டும் சேரும்போது அளவு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் ஃபெனிட்டாய்ன் அளவு பார்த்துவிட்டு, லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்து 500 மி.கி. இருவேளைக்கு மாற்றுங்கள், ஃபெனிட்டாய்னைச் சட்டென்று நிறுத்தாமல். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து வேண்டாம், கல்லீரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது. மொத்தம் 12 மாதம்: இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு பைராசினமைட் இல்லாமல் பத்து மாதம். எத்தாம்புட்டால் அவ்வளவு நாள் போவதால் மாதந்தோறும் நிறப்பார்வை சோதிக்க வேண்டும்.

கேட்டவர்:
நிஸ்டாக்மஸ் (கண்மணி தானாக ஆடுவது) இருக்கிறது. ஃபெனிட்டாய்ன் அளவுக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, டெக்சாமெத்தசோன் இன்றே தொடங்குகிறோம்.