பத்தாம் வகுப்பு கணக்கு: புள்ளியியலைச் சாய்ஸில் விடலாமா?

செக்கிங் அம்மா, திருப்பூர்:
வணக்கம். என் மகள் பத்தாவது, தமிழ் மீடியம். கணக்கில் கடைசிப் பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும், அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. நிகழ்தகவு பரவாயில்லை, பகடை, நாணயம் என்று போட்டுவிடுகிறாள். திட்ட விலக்கம் வந்தால்தான் நோட்டை மூடிவிடுகிறாள். நேற்று ராத்திரி ஒரே கணக்கை மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் மூன்று விடை. அழுதுகொண்டே படுத்துவிட்டாள். ஐந்து மார்க் கேள்வியில் 14-க்கு 10 எழுதினால் போதும், இதைச் சாய்ஸில் விட்டுவிடுகிறேன் அம்மா என்கிறாள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். நான் படித்த காலத்துக் கணக்கு எதுவும் இப்போது நினைவில் இல்லை. விடச் சொல்லலாமா? திட்ட விலக்கம் என்று எதைத்தான் சொல்கிறார்கள்?

கணக்கு டீச்சர்:
விடச் சொல்லாதீர்கள் அம்மா. அந்த 14-இல் ஒரு கேள்வி கட்டாய வினா, அது எந்தப் பாடத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நாளைக்கு அவள் காமர்ஸ் குரூப் எடுத்து வணிகக் கணிதமும் புள்ளியியலும் படிக்க நேர்ந்தால், இந்தப் பாடம்தான் அடித்தளம்.

மூன்று தரம் மூன்று விடை என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சூத்திரம் தெரியாத பிள்ளை மூன்று தரம் போட்டுப் பார்க்காது. தப்பு அட்டவணையில் இருக்கும். முதல் நிரலில் எண்கள், இரண்டாவதில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தது, மூன்றாவதில் அதன் வர்க்கம். இரண்டாவது நிரலைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். வரவில்லையா, அங்கேயே நின்று தேடச் சொல்லுங்கள். மூன்றாவது நிரலில் குறை எண்ணே வரக் கூடாது. −3-இன் வர்க்கத்தை −9 என்று எழுதிய விடைத்தாள்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. சூத்திரத்தையும் அட்டவணையையும் முழுதாக எழுதிவிட்டால், கடைசி விடை தவறினாலும் படிநிலை மதிப்பெண் கிடைக்கும்.

பிளஸ் ஒன் மாணவன்:
போன வருஷம் எனக்கும் இதேதான் அக்கா. நான் மாட்டிக்கொண்டது வர்க்கமூலத்தில். பரீட்சைக்குக் கால்குலேட்டர் கிடையாது, வகுத்தல் முறையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி ஒரு மாதம் தினமும் காலையில் ஒரே ஒரு எண்ணுக்கு வர்க்கமூலம் போட்டேன். அப்புறம் பயம் போய்விட்டது.

மெர்ச்சண்டைசர், அவிநாசி ரோடு:
அக்கா, நீங்கள் தினமும் டேப்பை வைத்துப் பார்ப்பதே இதைத்தான். ஒரு டி-ஷர்ட், செஸ்ட் 50 செ.மீ., டாலரன்ஸ், அதாவது விடக்கூடிய வித்தியாசம், கூடக் குறைய 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைனில் ஐந்து பீஸ் அளந்தால் 50, 51, 49, 50, 50. பக்கத்து லைனில் 48, 52, 50, 47, 53. இரண்டுக்கும் சராசரி 50-தான். ஆனால் இரண்டாவது லைனில் நான்கு பீஸை நீங்கள் தள்ளிவிடுவீர்கள். சராசரி மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. அளவுகள் 50-ஐ விட்டு எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் திட்ட விலக்கம். முதல் லைனில் வர்க்கங்களின் கூடுதல் 2, ஐந்தால் வகுத்தால் 0.4, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.63. இரண்டாவதில் கூடுதல் 26, வகுத்தால் 5.2, வர்க்கமூலம் 2.28.

மாறுபாட்டுக் கெழுவும் இதே கதைதான். குழந்தை பனியனில் செஸ்ட் 25, திட்ட விலக்கம் 1. பெரியவர் பனியனில் செஸ்ட் 50, திட்ட விலக்கம் அதே 1. குழந்தை பனியனில் அந்த ஒரு செ.மீ. பெரிய விஷயம், இல்லையா? அதனால்தான் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். அங்கே 4 சதவீதம், இங்கே 2. எது சீரானது என்று கேட்டால் குறைந்த எண் வந்ததைச் சொல்ல வேண்டும்.

செக்கிங் அம்மா, திருப்பூர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி சொன்ன இரண்டு லைன் அளவையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முதலில் டேப்பை எடுத்து அவள் ஸ்கூல் சட்டையையே அளந்து காட்டினேன், நாங்கள் எப்படிப் பிடித்து அளப்போம் என்று. அப்புறம் அட்டவணை போட்டாள். இரண்டாவது நிரலைக் கூட்டினால் 2 வந்தது. பேசாமல் மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தாள். 49-க்கு நேரே −1 போடாமல் 1 என்று போட்டிருந்தாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள்! 0.63-உம் வந்தது, 2.28-உம் வந்தது. "அப்போ அந்த ரெண்டாவது லைன்காரங்கதான் உனக்கு வேலை வைக்கிறாங்களாம்மா" என்று கேட்டாள்.

இன்னொரு சந்தேகம் டீச்சர். புத்தகத்தில் ஊகச் சராசரி முறை என்று வேறொன்றும் இருக்கிறதாம். எதைப் போடுவது என்று கேட்கிறாள்.

கணக்கு டீச்சர்:
இந்த முறையில்தான் போட வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லாவிட்டால், முதலில் சராசரியைக் கண்டுபிடிக்கட்டும். முழு எண்ணாக வந்தால் இப்போது போட்ட முறையே போதும். புள்ளி வைத்து வந்தால், நடுவில் இருக்கும் ஒரு முழு எண்ணை ஊகச் சராசரியாக எடுத்துக்கொள்ளட்டும், வர்க்கம் போடுவது சுலபமாகிவிடும். ஆனால் அந்த முறையில் இரண்டாவது நிரலின் கூடுதல் பெரும்பாலும் பூஜ்ஜியம் வராது. அது தப்பில்லை, பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூத்திரமும் கொஞ்சம் மாறும், அந்தக் கூடுதலையும் அதில் சேர்த்துக் கழிக்க வேண்டும்.