கட்டிமுடித்ததும் நின்றுபோன கப்பலுக்குச் சொல் வேண்டும்

தஞ்சாவூர்:
வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். வணிகவியல் மாணவர்களுக்கானது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து, சில மாதங்களில் விலை நாலு மடங்கு ஏறி, தேவை சுருங்கிவிட்டது. நல்ல காலத்தில் ஆர்டர் கொடுத்த டேங்கர்களோ (எண்ணெய் ஏற்றும் கப்பல்கள்) அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கட்டி முடிந்தன. அவற்றில் சில ஒருமுறைகூடச் சரக்கு ஏற்றாமல், கட்டிய தளத்திலிருந்து நேரே போய் நங்கூரம் போட்டு நின்றுவிட்டன. நார்வேயின் ஃபியோர்டுகள் எனும் குறுகிய கடல் நுழைவுகளில் வரிசை வரிசையாக டேங்கர்கள். இந்த நிறுத்திவைப்பைத்தான் 'லே அப்' என்கிறார்கள். 'முடக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், கோர்ட்டு சொத்தை முடக்கியதுபோல் இருக்கிறது.

கும்பகோணம்:
புதிதாக ஏன் தேடவேண்டும்? புகார்த் துறையில் நிற்கும் கப்பலைப் பட்டினப்பாலை 'தூங்கு நாவாய்' என்கிறது. காவிரி கடலில் கலக்கும் இடத்துச் சொல், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை:
ஐயா, அங்கே தூங்குதல் என்றால் அசைதல். கட்டுத்தறியை அசைக்கும் களிற்றைத்தானே உவமை சொல்கிறார் புலவர்? வணிகம் கொழித்த துறைமுகம் அது, மந்தகாலத்துக்கு எப்படிப் பொருந்தும்? நான் சொல்வது 'தரிசு'. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காத வருஷம் குறுவை இல்லாமல் நிலத்தைத் தரிசு போடுகிறோமே, அப்போது மண்ணில் என்ன குறை? இந்தக் கப்பலும் அப்படித்தானே? தரித்தல் என்றால் நின்றுவிடுதல், தரிசும் அந்த வேர்தான் என்பது என் கணிப்பு. இலங்கையில் பஸ் நிற்குமிடத்தைத் தரிப்பிடம் என்கிறார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாகப்பட்டினம்:
வேராராய்ச்சி இருக்கட்டும். நான் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் சொல் வேண்டும். ஒன்றில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்சம் ஆட்கள் இருப்பார்கள், சில நாளில் கிளம்பிவிடலாம். இன்னொன்றில் இன்ஜினையெல்லாம் அணைத்துக் காவலுக்கு மட்டும் ஆள் விடுவார்கள். ஈரம் தங்கித் துரு ஏறாமல் இருக்க உள்ளே காற்றை உலர்த்தவேண்டும், அடியில் கொட்டலசு என்ற ஓட்டுப் பூச்சி அப்பிக்கொள்ளும், திரும்ப ஓட்ட வாரக்கணக்கில் ஆகும். தரிசு என்றால் சும்மா விட்டுவிட்டதாகத் தோன்றும், கப்பல் நின்றாலும் செலவு நிற்காது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் 'போட்டைக் கட்டியாச்சு' என்போம். அதனால் 'கட்டிவைப்பு': சூட்டுக் கட்டிவைப்பு, குளிர்க் கட்டிவைப்பு. பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழ்.

கும்பகோணம்:
கப்பலை உருவாக்குவதும் கட்டுதல், கயிற்றில் பிணைப்பதும் கட்டுதல். "புதிதாகக் கட்டிய கப்பலைக் கட்டிவைத்தார்கள்" என்று படிக்கிற பிள்ளை குழம்பாதா? இதற்கு, மயிலாடுதுறைக்காரர் சொன்ன தரிப்பிடத்திலிருந்து 'தரிப்பு' என்று எடுப்பதே மேல். நான் 'தூங்கு' கேட்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

மயிலாடுதுறை:
தரிப்பு சரி. தரிசின் கடைசிப் பகுதிதான் மாறியிருக்கிறது.

தஞ்சாவூர்:
எல்லோருக்கும் நன்றி. 'தரிப்பு' என்றே போடுகிறேன், முதலில் வருமிடத்தில் 'சரக்கு கிடைக்காமல் கப்பலை நிறுத்திவைத்தல்' என்ற விளக்கத்தோடு. வகைகள் இரண்டும் இயங்குநிலைத் தரிப்பு, அணைநிலைத் தரிப்பு.

நாகப்பட்டினம்:
தம்பி, தரிப்புக்குச் சம்மதம், 'இயங்குநிலை'க்குச் சம்மதமில்லை. கப்பல் ஓடுகிறது என்றல்லவா படிப்பவன் நினைப்பான்? ஓடுவது ஜெனரேட்டர் மட்டும். சூட்டுத் தரிப்பு என்று மாற்றுங்கள், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.