பத்தியம் பாப்பாவுக்கா, தாய்க்கா?

அண்ணி: பாப்பாவின் மலத்தில் பத்து நாட்களாக இழை இழையாக இரத்தம் தெரிவதால், இன்று மருத்துவரிடம் காட்டினோம். ஆசனவாயில் வெடிப்பு இல்லை, தொற்றும் இல்லை. பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்கிறார். மூன்று மாதக் குழந்தை தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் குடித்ததில்லையே!

அம்மா: அப்படியானால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

சித்தி: வேண்டாம் அக்கா. ஆட்டுப்பால், எருமைப்பால் இரண்டின் புரதங்களும் பசும்பால் புரதங்களை ஒத்திருப்பதால், பசும்பால் சேராத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அவையும் சேர்வதில்லை. தாய் அருந்தும் பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலிலும் வந்துவிடும் என்பதால், பத்தியம் இருக்க வேண்டியவள் மருமகள்தான். பாப்பா வழக்கம்போல் தாய்ப்பால் குடிக்கட்டும்.

அண்ணன்: லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கி வரட்டுமா, சித்தி?

சித்தி: அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத்தான் மாற்றியிருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். தயிர், மோர், பனீர், நெய், பால் பவுடர் கலந்த பிஸ்கட் எல்லாவற்றையும் விட வேண்டும்.

அண்ணி: இரத்தப் பரிசோதனையில் இது தெரியாதா, சின்ன அத்தை?

சித்தி: பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வரும் வகைக்குத்தான் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை உதவும். பாப்பாவுக்கு இருப்பது தாமதமாகத் தெரியும் வகை. இதற்கு, நீ 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்தி, இரத்தம் நின்றதும் மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் குடித்துப் பார்ப்பதுதான் சோதனை.

அம்மா: நின்றுபோனதை வேண்டுமென்றே மறுபடி வரவழைப்பதா?

சித்தி: இத்தகைய இரத்தம் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு அக்கா. நீ பத்தியத்தால் நின்றது என்று நினைப்பாய். அவளோ காரணமில்லாமல் மாதக்கணக்கில் மோருக்கு ஏங்குவாள். மீண்டும் குடித்ததும் இரத்தம் திரும்பினால்தான் ஒவ்வாமை உறுதி. அதுவும் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் மாறிவிடும். உடனே தடிப்பும் மூச்சிரைப்பும் வரும் குழந்தைகளுக்கு மட்டும் இச்சோதனையை வீட்டில் செய்யவே கூடாது, மருத்துவமனையில்தான் செய்வார்கள். பாப்பா துவண்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

அண்ணி: இன்றிலிருந்து நான் சாப்பிடுவதையும் பாப்பாவின் மலத்தையும் நாள்தோறும் குறித்து வைக்கிறேன். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் எழுதித் தந்திருக்கிறார்.

சித்தி: நல்லது. கேழ்வரகும் எள்ளும் சேர்த்துக்கொள்.

அம்மா: நாளை கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறேன், மோர் ஊற்ற மாட்டேன். காலையில் அவளுக்குக் கடுங்காப்பிதான்.