இடைச்செருகல் வேண்டாம், தொடர்கை என்போம்: மடத்து ஆண்டேடுகளுக்கு ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நம் சுவடிப் பதிப்புக் கலைச்சொல் பட்டியலில் 'கன்டினியுவேஷன்' (ஓர் ஏடு முடிந்த இடத்திலிருந்து மேற்கொண்டு எழுதப்பட்ட பகுதி) என்பதற்கு நேராக 'இடைச்செருகல், பிற்சேர்க்கை' என்று போட்டிருக்கிறது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட என்னால் முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடைக்கால ஐரோப்பாவின் மடத்து ஆண்டேடுகளை, அதாவது துறவிகள் ஆண்டு வரிசையில் எழுதிய வரலாற்று ஏடுகளை (க்ரானிக்கிள்), பதிப்பிக்கிறவர்கள் எதை மேலே அச்சிடுவது, எதை அடிக்குறிப்புக்கு இறக்குவது என்று முடிவு செய்வதே பெரும்பாலும் இந்த ஒரு கருத்தை வைத்துத்தான். (ஆண்டேடு என்பதும் இப்போதைக்குத்தான். நாளாகமம் என்றால் வேதாகமத்து நூல் நினைவுக்கு வந்துவிடும். ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகைப் பார்த்து 'மடவொழுகு' எனலாமே என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.)

இடைச்செருகல் என்றாலே நம் காதில் குற்றம் என்றுதான் விழுகிறது. மூலத்தில் இல்லாததை யாரோ தெரியாமல் நுழைத்துவிட்டார், பதிப்பாசிரியர் அதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் தனியே ஒதுக்கப்படுவது இந்தப் பார்வையால்தான், அங்கே அது நியாயமும்கூட, ஏனென்றால் கம்பன் என்று ஒருவன் இருந்தான், அவன் பாடியது எது என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. மடத்து ஆண்டேட்டில் அப்படி ஒரு கம்பன் இல்லை. ஒரு மடம் இன்னொரு மடத்திலிருந்து ஏட்டை வாங்கிப் படியெடுக்கிறது, தன் ஊர்ச் செய்திகளைச் சேர்க்கிறது, படியெடுத்து முடிந்த ஆண்டிலிருந்து தானே எழுதத் தொடங்குகிறது. எழுதியவர் இறந்தால் அடுத்தவர் எழுதுகிறார். முதலில் எழுதியவர் விட்டுச்சென்ற வெற்றுத் தாளே அடுத்தவருக்காகத்தான்.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்து ஏட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இங்கிலாந்து வரலாறான ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேட்டின் படிகளில் 'ஈ' என்று அறிஞர்கள் குறிப்பது இதைத்தான், இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1116-இல் அந்த மடம் தீக்கிரையானது. அதன்பின் வேறெங்கிருந்தோ ஓர் ஏட்டை இரவல் வாங்கி, 1121 வரையிலான செய்திகளை ஒரே துறவி ஒரே மூச்சில் படியெடுத்தார். எடுக்கும்போதே 654, 656 போன்ற பழைய ஆண்டுகளுக்கு நடுவில் தன் மடம் நிறுவப்பட்ட கதையையும், மடத்துக்குக் கிடைத்ததாகச் சொல்லும் நிலக்கொடைகளையும் சேர்த்துவிட்டார். மற்றப் படிகளோடு ஒப்பிட்டால்தான் இவை வெளிப்படும். கொடைச் சாசனங்கள் பிற்காலத்துப் புனைவு, மொழியும் ஏழாம் நூற்றாண்டு மொழி இல்லை. சரி, இதை இடைச்செருகல் என்று சொல்லுங்கள், எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் அதே ஏட்டில் 1122 முதல் 1131 வரை அதே துறவி அவ்வப்போது பகுதி பகுதியாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். 1132 முதல் 1154 வரையுள்ள செய்திகளை இன்னொருவர் பின்னாளில் உட்கார்ந்து ஒரேயடியாக எழுதி முடித்தார். இந்த இரண்டையும் முதல் கன்டினியுவேஷன், இரண்டாம் கன்டினியுவேஷன் என்கிறார்கள். ஸ்டீபன் மன்னன் காலத்துக் கொடுமைகளை, கோட்டை கட்டியவர்கள் ஏழைகளைச் சித்திரவதை செய்ததை, கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் வெளிப்படையாகப் பேசிக்கொண்டதைச் சொல்லும் 1137-ஆம் ஆண்டுப் பதிவு இந்த இரண்டாவதில்தான் வருகிறது. பழைய ஆங்கிலம் இடைக்கால ஆங்கிலமாக மாறியதைப் படிக்கிறவர்கள் முதலில் தேடிப் போகிற ஆவணங்களில் இதுவும் ஒன்று. இதற்கு வேறு படியே கிடையாது. இதையும் இடைச்செருகல் என்ற பெட்டிக்குள் போட்டால், நம் பட்டியலை நம்பிப் பதிப்புக்கலை படிக்கப்போகிற ஒரு மாணவி, இதை நீக்கினால் மூலம் கிடைத்துவிடும் என்று நினைப்பாள். நீக்கினால் எதுவும் கிடைக்காது, 23 ஆண்டு வரலாறு போய்விடும்.

ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேட்டின் பதிப்பாசிரியர்களும் இதோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கிறார்கள். தார்ப் 1861-இல் ஆறு படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பத்தி பிரித்து அச்சிட்டார். பிளம்மர் 1892-இல் இரண்டு படிகளை இணையாக வைத்தார். 1983-இலிருந்து வெளிவருகிற கூட்டுப் பதிப்பு ஒவ்வொரு படிக்கும் தனித்தனித் தொகுதி என்று போய்விட்டது, 'ஈ' படி 2004-இல் வந்தது. ஜெர்மானிய அறிஞர் லாக்மன் வழியில் எந்தப் படியிலிருந்து எது வந்தது என்று கொடிவழி வரைந்து (இந்த வரைபடத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டெம்மா என்று பெயர், கொடிவழி இந்தக் குழுவிலேயே முன்பு முடிவான சொல், எவ்வளவு பொருத்தம்!) மேலே மேலே ஏறி ஒற்றை மூதாதையைத் தேடுவது, ஆல்பிரட் மன்னன் காலத்தில் எழுதப்பட்டு எல்லாப் படிகளுக்கும் பொதுவாக உள்ள பகுதிவரைக்கும் பலன் தரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மடத்து ஏடும் தன் வழியில் போகிறது. அங்கே நமக்குத் தேவை, படி வளர்ந்த விதத்தைச் சொல்லும் சொற்கள்.

இலத்தீன் பதிப்பு மரபில் இந்த வேறுபாடு எப்போதோ வந்துவிட்டது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஜெம்ப்ளூ மடத்துத் துறவி சிகெபெர்ட் 381 முதல் 1111 வரை ஓர் உலக ஆண்டேடு எழுதினார். அது மடம் மடமாகப் பரவி, போன இடமெல்லாம் வளர்ந்தது. ஜெர்மானிய வரலாற்று ஆவண வரிசையான மோனுமென்டாவுக்காக அதை 1844-இல் பதிப்பித்த பெத்மன், ஏற்கெனவே இருந்த ஆண்டுகளுக்குள் சேர்த்தவற்றை ஆக்டாரியம் என்றும், முடிந்த இடத்திலிருந்து மேற்கொண்டு எழுதியவற்றை கொன்டினுவாசியோ என்றும் பிரித்து, எந்த மடத்தில் உண்டானதோ அந்த மடத்தின் பெயரோடு வரிசைப்படுத்தினார். மோன் சான் மிஷேல் மடத்துத் தலைவர் ராபர்ட் இரண்டையுமே செய்தவர். சிகெபெர்ட்டின் ஆண்டுகளுக்குள் நார்மண்டி, இங்கிலாந்துச் செய்திகளைச் சேர்த்தார், பிறகு தானே 1186 வரை எழுதினார், இப்படிச் செய்கிறேன் என்று முன்னுரையிலும் சொன்னார். இவரைச் செருகியவர் என்று எப்படி எழுதுவது? ஆக்டாரியத்துக்கு 'இடைச்சேர்ப்பு' என்ற நடுநிலைச் சொல்லை வைத்துக்கொண்டு, மறைத்துப் புகுத்தியதற்கு மட்டும் இடைச்செருகல் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். அதை இங்கே வலியுறுத்தவில்லை.

இன்னொரு ஐயா வழிநூல் என்ற சொல்லை முன்வைத்திருந்தார். யோசிக்க வைத்த பரிந்துரை அது. முன்னோர் நூலின் முடிபு ஒருங்கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறுவது வழிநூல் என்று நன்னூல் சொல்கிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ் செய்ததற்கு இது அச்சாகப் பொருந்தும். தனக்கு முன்பு அங்கே எழுதிய ரோஜர் வென்டோவரின் ஏட்டை எடுத்து, திருத்தி, கூட்டி, தன் கருத்தை நிறையவே ஏற்றி 'க்ரோனிக்கா மயோரா' ஆக்கினார். 1872 முதல் 1883 வரை ஏழு தொகுதிகளாக அதைப் பதிப்பித்த லுவார்ட், வென்டோவருடையது எது, மாத்யூ சேர்த்தது எது என்று எழுத்தின் அளவை மாற்றிக் காட்டவேண்டியிருந்தது. அந்தப் பகுதி வழிநூல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வென்டோவர் 1236-இல் இறந்துவிட்டார். அதற்கு மேல் 1259-இல் தான் இறக்கும்வரை மாத்யூ எழுதிய பகுதிக்கு ஒத்துப்போக முன்னோர் நூல் ஏது?

மாத்யூ இறந்த பிறகு அந்த ஏட்டில் நடந்ததைப் பாருங்கள். மரணப் படுக்கையில் அவர் இருக்கும் படத்தை வரைந்து, இதுவரை எழுதியவர் சகோதரர் மாத்யூ, இனி எழுதுவது வேறொரு சகோதரர் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அவருடைய பாதரட்சையின் வாரை அவிழ்க்கவும் பாத்திரன் அல்லாத நான், தகுதியின்றித் தொடரப் போகிறேன், என் பெயர் இந்தப் பக்கத்தில் குறிக்கப்படவும் தகாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அவரே 'தொடர' என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறார். எந்த இடத்தில் கை மாறியது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டு எழுதுகிறார். செருகுகிறவர் இதைச் செய்யமாட்டார். நமக்கு வேண்டிய சொல் இந்த மனிதருடைய செயலுக்குப் பொருந்த வேண்டும், அதுதான் நான் வைக்கும் சோதனை.

'தொடர்' என்ற வினையடி வேண்டும் என்பதில் பலருக்கும் உடன்பாடு இருக்கிறது, அதற்குப் பின்னால் எதை ஒட்டுவது என்பதில்தான் சிக்கல். தொடர்ச்சி என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். பதிப்புக் குறிப்புகளில் 'இந்த வரியின் தொடர்ச்சி அடுத்த தாளின் பின்பக்கத்தில்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத வேண்டியிருக்கும், அதே பக்கத்தில் அதே சொல் கலைச்சொல்லாகவும் வந்தால் படிப்பவர் திணறிப்போவார். தொடர்வரைவு நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்று பழகிப்போன பிறகு வரைவு என்றாலே முடியாத நகல் என்று ஆகிவிட்டது. தொடர்பதிவு என்றால் வலைப்பதிவுக் காலத்தில் ஒருவர் அடுத்தவரை அழைத்து எழுதவைத்த பதிவுகள்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும்.

என் பரிந்துரை தொடர்கை. வருகை, செய்கை, வாழ்க்கை மாதிரி தொழிற்பெயர். புதிதாக எதையும் கட்டவில்லை, இலக்கணம் எப்போதும் தருகிற வடிவம்தான், கலைச்சொல்லாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 'முதல் தொடர்கை', 'இரண்டாம் தொடர்கை', 'பீட்டர்பரோத் தொடர்கைகள்' என்று எண்ணும் பன்மையும் இயல்பாக ஏற்கிறது. தொடர் கை என்று பிரித்தால் தொடர்கிற கை என்றும் வரும், சுவடியியலில் எழுதியவரின் கையெழுத்தைக் கை என்றே சொல்வதால் பலருக்கு இது பிடிக்கும். ஆனால் விளக்கத்தில் இந்தப் பொருளை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பீட்டர்பரோ ஏட்டில் 1121 வரை படியெடுத்த கையேதான் முதல் தொடர்கையையும் எழுதியது. கை மாறினால்தான் தொடர்கை என்று யாராவது புரிந்துகொண்டால் அந்தப் பத்து ஆண்டுகளும் கணக்கில் வராமல் போகும்.

'தொடர்கையில்' என்று எழுதினால் தொடரும்போது என்று பொருள்பட்டுவிடாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். படும்தான். வருகையில் என்பதற்கும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது, அமைச்சர் வருகையில் தாமதம் என்று செய்தித்தாளில் படித்தால் யாரும் குழம்புவதில்லை. வேண்டுமானால் அந்த இடத்தில் மட்டும் 'தொடர்கைப் பகுதியில்' என்று எழுதிக்கொள்ளலாம்.

பட்டியலுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன். தொடர்கை: ஓர் ஆண்டேடு அல்லது வரலாற்றேடு முடிந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து, அதே ஏட்டிலோ அதன் படியிலோ, அதே ஆண்டு வரிசையில் மேற்கொண்டு எழுதப்பட்ட பகுதி. எழுதியவர் முன்னவராகவோ வேறொருவராகவோ இருக்கலாம். இடைச்சேர்ப்பு, இடைச்செருகல், வழிநூல் ஆகியவற்றிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க.

எழுதியவரைத் தொடர்கையாளர் என்பதா, தொடர்ந்தவர் என்பதா என்பது மட்டும் பாக்கி. எனக்குத் தொடர்ந்தவர்தான் பிடிக்கிறது, 'செயின்ட் ஆல்பன்ஸ் தொடர்ந்தவர்' என்று வாக்கியத்தில் வைக்கும்போதுதான் கொஞ்சம் இடறுகிறது. சுவடிப் பதிப்பில் நேரடியாக வேலை செய்கிறவர்கள் இரண்டையும் ஒரு அடிக்குறிப்பில் எழுதிப் பார்த்துவிட்டு எது தேறுகிறது என்று சொன்னால் நல்லது.