புதுப்பிப்பு: பிரிடீன் இல்லாமல் குளுக்கோசை மூடுவது

குளுக்கோசின் ஐதரொட்சில் கூட்டங்களை அசற்றைலால் மூட (அதாவது OH இன் ஐதரசனுக்குப் பதில் அசற்றைல் கூட்டத்தை ஏற்ற), வழக்கமாகக் கரைப்பானாகவும் காரமாகவும் போடும் பிரிடீனின் நாற்றமில்லாத வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். அயடீனை ஊக்கியாகப் போடச் சொன்னீர்கள், 'கரைப்பானற்ற' முறை என்றும் சொன்னீர்கள். சரி, வவுனியாவில் போட்டுப் பார்த்தோம், வேலை செய்கிறது.

1 கிராம் நீரற்ற குளுக்கோசு, அசற்றைலைக் கொடுக்கும் அசற்றிக் அன்ஹைட்ரைட் 5 மில்லிலீற்றர், 50 மில்லிகிராம் அயடீன். அவ்வளவுதான். அடியில் கிடக்கும் தூள் கரையக் கரைய குடுவை சுடும். வன்னி வெயிலில் அதைச் சும்மா விடக்கூடாது. மீன்கடையில் ஐஸ் வாங்கி அதற்குள் இருத்தினோம். பிறகு மிஞ்சிய அயடீனைப் போக்க தயோசல்பேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, அதன் கடும் கபில நிறம் சட்டென்று போய்விடும். (அளவுக்கு மிஞ்சினால் அமிலத்தில் கந்தகம் படியும், கவனம்.) ஐஸ் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் ஐந்து கூட்டங்களும் மூடிய குளுக்கோசு வெள்ளைத் திண்மமாக வரும்; எதனோலில் மீள்பளிங்காக்கலாம்.

முதலாம் காபனில் கூட்டம் நிற்கும் திசையைப் பொறுத்து ஆல்பா, பீட்டா என இரு வடிவங்கள் உண்டு. இதில் வருவது பெரும்பாலும் ஆல்பா வடிவம், உருகுநிலை 110 பாகைக்குக் கிட்ட. பீட்டா வேண்டுமென்றால் நீரற்ற சோடியம் அசற்றேற்றுடன் சூடாக்கும் பழைய முறைதான்.

ஆனால் 'கரைப்பானற்றது' என்பது பாதி உண்மை. ஐந்து கூட்டங்களுக்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ இரட்டிப்பு அன்ஹைட்ரைட் அங்கே கரைப்பான் வேலையையும் பார்க்கிறது. அடுத்து அதைக் குறைத்துப் பார்க்கப் போகிறோம்.