கலைச்சொல் தேவை: படத்தில் கண்டினியூட்டி தவறுவதற்கு

நாகர்கோவிலிலிருந்து:
வணக்கம். பழைய படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் பழக்கும் வகுப்புக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அடுத்தடுத்த ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் கண்டினியூட்டி மிஸ்டேக்குக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். தூர ஷாட்டில் டம்ளரில் முக்கால் மோர், குளோசப்பில் பாதி, அடுத்த ஷாட்டில் மறுபடி முக்கால். தூர ஷாட்டைக் காலையில் எடுத்துவிட்டு, குளோசப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வருவது இது. எடிட்டர் நடிப்பு நன்றாக அமைந்த டேக்கைத்தான் எடுப்பார், மோர் அளவைப் பார்க்கமாட்டார். ‘தொடர்ச்சிப் பிழை’ சரியா?

தக்கலையிலிருந்து:
ஐயா, ‘வழு’ இருக்கும்போது பிழை எதற்கு? திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுவை நன்னூல் வகுத்திருக்கிறது. கணினிக்காரர்களும் நிரலில் வரும் தவறான ‘பக்’ (bug) என்பதற்கு வழுவையே எடுத்துக்கொண்டார்கள். ‘தொடர்வழு’ எனலாம். வழுக்குதல், இளநீர் வழுக்கை எல்லாம் ஒரே வேர். நம்மூர் வழுதலங்காயும் (கத்தரிக்காய்) தோலின் வழவழப்பால் பெயர் பெற்றது என்பது என் துணிபு.

குளச்சலிலிருந்து:
அண்ணாச்சி, வழுதலங்காய் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைக்குத் தொடர் என்றால் வாக்கியம். ‘தொடர்வழு’வை இலக்கணத் தப்பு என்றுதான் எண்ணும். வினைத்தொகையாகக் கொண்டால் திரும்பத் திரும்ப வரும் தப்பு என்றாகிவிடும். ‘பிசகு’ எல்லாருக்கும் விளங்கும். ‘காட்சிப்பிசகு’ என்று வையுங்கள்.

தக்கலையிலிருந்து:
பிசகு கைகால் சுளுக்குக்குச் சொல்வதல்லவா?

குளச்சலிலிருந்து:
அதனால்தான் பொருத்தம். எலும்பு பிசகுவது மூட்டில். இங்கேயும் ஒவ்வொரு ஷாட்டும் தனியே பார்த்தால் சரி. இரண்டும் சேரும் வெட்டில்தான் இடறுகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:
மூன்று வேறு தவறுகளை ஒரே சொல்லில் அடைக்கிறோம். ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) உணவகக் காட்சியில் பின்னால் இருக்கும் சிறுவன், துப்பாக்கி வெடிக்கும் முன்பே காதைப் பொத்திக்கொள்கிறான். இதில் வெட்டே இல்லை, ஒரே ஷாட்டுக்குள் நடக்கிறது. இது பின்புலப் பிசகு. 1970களில் நடக்கும் கதையில், விவேகானந்தர் பாறைக்குப் பக்கத்தில் 133 அடி வள்ளுவர் சிலை தெரிந்தால் அது வேறு வகை. சிலையைத் திறந்தது 2000 ஜனவரி 1இல். அதற்குக் காலவழு என்பதே பொருந்தும். ‘நாளை வந்தான்’ என்பதும் அதுதானே.

தக்கலையிலிருந்து:
காலவழுவுக்கு மனமார்ந்த வரவேற்பு.

நாகர்கோவிலிலிருந்து:
பயிற்சித்தாளில் செய்முறை இப்படி: முதலில் சத்தத்தை அணைத்துவிடுங்கள், வசனம் கேட்டால் கண் முகத்தை விட்டு நகராது. பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் நிறுத்தி டம்ளர், சிகரெட் நீளம், மெழுகுவர்த்தி, முந்தானை நான்கையும் ஒப்பிடுங்கள். வெளிப்புறக் காட்சியில் நிழல். மணிக்கு 15 பாகை வீதம் வெயில் நகர்வதால் இரண்டு மணி நேர இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும். சங்குத்துறைக் கடற்கரை மாதிரி மணலில் எடுத்தால் காலடித்தடம் பாருங்கள்: நாயகன் நடக்கும் முன்பே தடம் இருந்தால் அது முதல் டேக்காக இருக்காது.

தலைப்பில் ‘தொடர்ச்சிப் பிழை’யும், உள்ளே பின்புலப் பிசகும் காலவழுவும் போடுகிறேன். பெரும்பாலோருக்குச் சம்மதம் என்று கொள்கிறேன்.

குளச்சலிலிருந்து:
அச்சுக்குப் போகட்டும். ஆனால் பிழை என்றால் ஒருவர் செய்தது. இதை யாரும் செய்யவில்லை, சேர்த்தபோது வந்தது. அடுத்த பதிப்பில் பிசகைத் திரும்பக் கேட்பேன்.