தமிழ்ச் சொல் விளையாட்டில் எந்தச் சொற்களை ஏற்பது?

தேன்கூடு

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஓர் இணையச் சொல் விளையாட்டை உருவாக்கி வருகிறோம். நாள்தோறும் ஏழு எழுத்துகள் தரப்படும்; அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தி, இரண்டெழுத்துக்குக் குறையாத சொற்களை ஆடுபவர் அமைக்க வேண்டும். உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படும்.

சோதனை ஆட்டம் ஒன்றில் க, ட, ப, ம, வ, ல், ம் ஆகிய எழுத்துகளைக் கொடுத்திருந்தோம். கடல், பகல், மடல், படம், வடகம் எல்லாம் தடையின்றி ஏற்கப்பட்டன. இசை பயிலும் ஒருவர் 'கமகம்' (சுரத்தை அசைத்து இசைக்கும் முறை) என்று எழுதினார். எங்கள் பட்டியலில் அது இல்லாததால் மறுக்கப்பட்டது. கர்நாடக இசை அறிந்த எவருக்கும் தெரிந்த ஒரு சொல்லைத் தமிழில் இல்லை என்று ஒரு செயலி சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. எந்த அகராதியை அடிப்படையாகக் கொள்வது, 'பஸ்', 'கார்' போன்றவற்றைச் சேர்ப்பதா, வேற்றுமை உருபேற்ற சொற்களையும் வினைமுற்றுகளையும் ஏற்பதா என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓலைச்சுவடி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புதிருக்கு விடையாக நீங்கள் வைக்கும் சொற்கள் வேறு. ஆடுபவர் எழுதினால் ஏற்றுக்கொள்ள வேண்டிய சொற்கள் வேறு. ஆங்கிலத்தில் 2021இல் வெளிவந்த வேர்டில் விளையாட்டே இப்படித்தான் அமைந்தது. ஆடுபவர் எழுதக்கூடிய ஐந்தெழுத்துச் சொற்கள் பல்லாயிரம் இருக்க, அவற்றுள் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஏறத்தாழ 2,300 சொற்களே விடைகளாகத் தெரிவு செய்யப்பட்டன. உங்கள் விளையாட்டிலும் ஒரு நாள் புதிரை முடித்துவிட்டதாகக் காட்டுவதற்குச் சிறிய பட்டியலும், மதிப்பெண் தருவதற்குப் பெரிய பட்டியலும் இருக்கலாம். சங்கப் பாடல்களில் நாயைக் குறிக்கும் 'ஞமலி'யை எழுதுபவருக்கு மதிப்பெண் கொடுங்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்காத காரணத்துக்காக யாருக்கும் ஆட்டம் முடியாமல் இருக்கக் கூடாது.

அகராதியைப் பொறுத்தவரை, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. பெரிய பட்டியலுக்கு அதை விட்டால் வேறு அடித்தளம் இல்லை. ஆனால் அதன் தலைச்சொற்களை அப்படியே இறக்கிக்கொண்டால் இரண்டு இடங்களில் இடறுவீர்கள். வினைகள் அதில் 'ஓடுதல்' என்ற வடிவில் இருக்கும். எனவே 'ஓடு' என்ற வினையடியை நீங்கள் பிரித்துச் சேர்க்க வேண்டும். மேலும், ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்ற இலக்கண விதியைப் பின்பற்றி 'இரசம்', 'இலட்டு' என்று எழுதும் பழைய வழக்கத்தை மட்டும் கொண்டால், இன்று எல்லா வீடுகளிலும் சாப்பாட்டில் இடம்பெறும் 'ரசம்' உங்கள் விளையாட்டில் இருக்காது. இன்றைய எழுத்துவழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் துணையாகக் கொள்வது நல்லது. 1992இல் முதலில் வெளிவந்த அந்த அகராதியின் மூன்றாம் பதிப்பு 2020இல் வெளியானது.

அயற்சொற்களை விலக்க வேண்டும் என்று பலர் உங்களுக்கு எழுதுவார்கள். அவர்களுடைய மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் 'சாவி', 'ஜன்னல்', 'அலமாரி' ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. இவற்றை ஏற்றுக்கொண்டு 'பஸ்' என்பதை மட்டும் மறுப்பதற்குக் காலம் கடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாளிதழ்களில் விளக்கமின்றி அச்சாகும் அயற்சொல்லை ஏற்கலாம் என்பது என் நிலைப்பாடு. ஊர்ப்பெயர், ஆட்பெயர், நிறுவனப் பெயர் ஆகியவற்றை மட்டும் முழுமையாக விலக்கிவிடுங்கள்.

எழுத்து வேறுபாட்டிலும் தாராளமாக இருங்கள். பவளம், பவழம் இரண்டும் சரி. பந்தல், பந்தர் இரண்டும் சரி. கருப்பு, கறுப்பு இரண்டுக்கும் ஆதரவு உண்டு.

நிரலாளர்

உருபேற்ற சொற்களைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை; உண்மையில் இந்த விளையாட்டின் பெரிய சிக்கல் அதுதான். ஓடினேன், ஓடினாய், ஓடினான், ஓடினாள், ஓடினார், ஓடியது, ஓடின என்று இறந்தகாலத்திலேயே ஒரு வினை இத்தனை வடிவம் கொள்கிறது. மற்றக் காலங்கள், எதிர்மறை, எச்சங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரே வினையைக் கொண்டு ஆட்டம் முழுவதையும் நிரப்பிவிடலாம். அப்போது சொல்வளத்துக்கு வேலை இல்லாமல் போகும். எனவே வினையடியையும் தொழிற்பெயரையும் ஏற்று, வினைமுற்றையும் வேற்றுமை உருபேற்ற பெயரையும் விலக்குவதே முறை. பன்மைக்கும் இது பொருந்தும். வேர்டில் ஆசிரியர் பொறுப்பு 2022 நவம்பரில் ட்ரேசி பென்னட்டிடம் வந்தபோது, வெறும் பன்மை விகுதி சேர்ந்த சொற்கள் விடையாக வாரா என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்த விலக்கை ஈற்றெழுத்துகளை மட்டும் பார்த்து நிரலாக எழுதிவிடாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 'கள்' என்று முடியும் அனைத்தையும் நீக்கச் சொன்னால் 'திங்கள்' போய்விடும், 'மக்கள்' போய்விடும். 'இல்' உருபை நீக்கச் சொன்னால் மயில், வெயில், கோயில் மூன்றும் ஒரே வரியில் அழிந்துவிடும். அடிச்சொல் பட்டியலை முதலில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத சொல்லுக்கு மட்டுமே விகுதி ஆய்வைச் செய்ய வேண்டும்.

வடமராட்சி

தேன்கூடு அவர்களே, உங்கள் எழுத்துகளில் 'கடகம்' என்ற சொல்லும் அமைகிறது. பட்டியல் அதை ராசியின் பெயராக மட்டும் விளக்கியிருந்தால், பனையோலையால் இழைத்த பெட்டி என்ற பொருளையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் கடகம் என்றால் முதலில் மனத்தில் தோன்றுவது அதுதான். கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி), பாண் (ரொட்டி), சவர்க்காரம் (சோப்பு) ஆகியவை இலங்கைத் தமிழர் அன்றாடம் எழுதும் சொற்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லை என்பதற்காக இவை பிழையாகக் காட்டப்படும்போது, எங்கள் தமிழே பிழை என்று சொல்லப்படுவதாக உணர்கிறோம். நாங்கள் 'ரிக்கற்' என்று எழுதுவதை நீங்கள் 'டிக்கெட்' என்று எழுதுகிறீர்கள். அயற்சொல்லை ஏற்பதென்று முடிவு செய்தால் இரண்டு எழுத்துமுறைக்கும் இடம் கொடுங்கள். வெவ்வேறு வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல் என்ற வகையைத் தொல்காப்பியமே செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குகளுக்கும் இதே நீதி வேண்டும்; கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணனும் கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதிகள் தொகுத்திருக்கிறார்கள்.

தேன்கூடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பட்டியல் முறையையும் வட்டாரச் சொற்களையும் ஏற்கிறோம். கமகமும் பெட்டிப் பொருளில் கடகமும் சேர்க்கப்பட்டுவிட்டன. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பழைய அகராதிகளில் சாதியைச் சுட்டும் வசைச்சொற்கள் பல உள்ளன. அவற்றை என்ன செய்வது? அடுத்து, 'ஔவை' என்று சரியாக எழுதியும் மறுக்கப்பட்டதாக ஒருவர் முறையிட்டிருக்கிறார். ஆட்பெயர் என்பதால்தானா?

ஓலைச்சுவடி

வசைச்சொல்லைப் பெரிய பட்டியலிலும் வைக்காதீர்கள். வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் அமைப்பே 2020இல் இழிசொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒருவரை இழிவுபடுத்தும் சொல்லுக்கு மதிப்பெண் கொடுக்கும் உரிமை எந்த விளையாட்டுக்கும் இல்லை. ஆனால் இந்த நீக்கத்தை மனிதர் ஒருவர் உட்கார்ந்து சொல் சொல்லாகச் செய்ய வேண்டும். எழுத்துத் தொடரைக் கொண்டு வடிகட்டினால் 'பறை' என்ற இசைக்கருவியும் சேர்ந்து விலக்கப்படும். அது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

நிரலாளர்

ஔவைக்கு மூதாட்டி, தாய் என்ற பொதுப்பொருளும் இருப்பதால் ஆட்பெயர் விதி அதைத் தடுக்கக் கூடாது. அவர் பெரும்பாலும் 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகளைத் தட்டியிருப்பார். திரையில் வேறுபாடு தெரியாது, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டும் வேறு வேறு. 'கொ', 'கோ' போன்றவற்றில் ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறியாகவும் வரும் வேறுபாட்டை ஒருங்குறி இயல்பாக்கம் சரிசெய்துவிடும், இதைச் சரிசெய்யாது. 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றும் கட்டளையை எழுதினால் 'ஒளி' சிதைந்துவிடும். ஔகாரத்தில் தொடங்கும் சொற்கள் மிகச் சில என்பதால் ஔவை, ஔடதம், ஔதாரியம் என ஒவ்வொன்றுக்கும் மாற்று வடிவத்தைத் தனியே பதிந்துவிடுங்கள். 'கௌரவம்', 'மௌனம்' ஆகியவற்றிலும் இதே தட்டச்சுப் பழக்கம் உண்டு. அவற்றையும் அந்த அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.